ஓட ஆரம்பித்தால் ஓடும், ஸ்டார்ட் ஆவதுதான் பிரச்சினை: பூஸ்ட் கன்வர்ட்டரின் முதல் சில மில்லி வினாடிகள்

மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கீழே உட்கார்ந்தே பார்ப்பதற்கு ஒரு சின்னக் கருவி செய்து வைத்திருந்தேன். ஏஏ சைஸில் இரண்டு நிக்கல் ரீசார்ஜ் செல், அந்த 2.4 வோல்ட்டை 5 வோல்ட்டாகத் தூக்க ஒரு பூஸ்ட் மாட்யூல் (பூஸ்ட் கன்வர்ட்டர் ஐசியும் காயிலும் டயோடும் சேர்ந்த சின்ன போர்டு), அதில் ஓடும் ஒரு வைஃபை போர்டு, ஒரு அல்ட்ராசானிக் சென்சார், அவ்வளவுதான். செல் சீக்கிரம் தீரக்கூடாது என்பதால், மாட்யூலை ஆன், ஆஃப் செய்யும் எனேபிள் பின்னைத் தனியாகப் பிரித்து ஒரு டைமரிடம் கொடுத்திருந்தேன். மணிக்கு ஒருமுறை டைமர் அதை எழுப்பும், போர்டு அளவெடுத்து அனுப்பும், திரும்பத் தூங்கிவிடும். அதாவது இந்த சர்க்யூட் ஒரு நாளைக்கு 24 முறை ஸ்டார்ட் ஆக வேண்டும். முதல் வாரம் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது வாரம் நடுநடுவே ஒன்றிரண்டு அளவுகள் வராமல் போயின. மூன்றாவது வாரம் பாதி வரவில்லை. கழற்றிக் கீழே கொண்டுவந்து மேஜையில் வைத்து, பவர் சப்ளையிலிருந்து 2.4 வோல்ட் கொடுத்தால் பத்துக்குப் பத்து முறையும் ஸ்டார்ட் ஆகிறது!

இந்த மாதிரிக் கோளாறில் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது ஐசியை. நானும் மாட்யூலை மாற்றிப் பார்த்தேன், மாற்றம் இல்லை. பூஸ்ட் கன்வர்ட்டர் "சில நேரம் ஸ்டார்ட் ஆகிறது, சில நேரம் ஆகவில்லை" என்றால் ஐசி செத்துப்போயிருப்பது அபூர்வம். செத்த ஐசி ஒருமுறைகூட ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆகும் அந்த நேரத்தில் கன்வர்ட்டர் கேட்கும் கரண்டை, அதற்கு முன்னால் இருக்கும் செல்லும் வயரும் ஸ்பிரிங்கும் கொடுக்க முடிகிறதா என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. அதனால் மீட்டரை அவுட்புட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் காரணம் தெரியாது, இன்புட்டுக்கு வர வேண்டும்.

ஏன் அப்படி என்று கொஞ்சம் விலாவாரியாகப் பார்க்கலாம். ஒரு சாதாரண பல்பையோ ரெசிஸ்டரையோ எடுத்துக்கொண்டால், வோல்ட்டேஜ் குறைந்தால் அது இழுக்கும் கரண்டும் குறையும். செல் தளர்ந்தால் லோடும் தளர்ந்து கொடுக்கும், ஆக ஒரு சமநிலை வந்துவிடும். பூஸ்ட் கன்வர்ட்டர் அப்படி இல்லை. அவுட்புட்டில் 5 வோல்ட், அரை ஆம்ப், அதாவது 2.5 வாட் கொடுத்தே தீருவேன் என்று அது வேலை செய்கிறது. 85 சதவீத எஃபிஷியன்ஸி என்று வைத்தால் இன்புட்டில் கிட்டத்தட்ட 2.9 வாட் வேண்டும். 3.7 வோல்ட்டில் அது 0.8 ஆம்ப். 2.4 வோல்ட்டில் 1.2 ஆம்ப். 2 வோல்ட்டுக்கு இறங்கினால் 1.5 ஆம்ப். வோல்ட்டேஜ் விழ விழ அதிகமாக இழுக்கிறது, அதிகமாக இழுப்பதால் இன்னும் விழுகிறது. இதை நெகட்டிவ் ரெசிஸ்டன்ஸ் என்பார்கள். சறுக்குமரத்தில் கால் வைத்த மாதிரி, ஒரு இடத்தைத் தாண்டிவிட்டால் தானாக நிற்காது.

அந்த இடம் எது என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். செல்லின் உள்தடை, ஹோல்டர் ஸ்பிரிங், வயர், சுவிட்ச் எல்லாம் சேர்ந்து 0.4 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.4 வோல்ட் மூலத்திலிருந்து இந்த 0.4 ஓம் வழியாக அதிகபட்சம் எவ்வளவு பவர் எடுக்க முடியும்? வோல்ட்டேஜின் வர்க்கத்தைத் தடையின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும்: 5.76 வகுத்தல் 1.6, அதாவது 3.6 வாட். நமக்கு வேண்டியது 2.9, சரி, போதும் போலிருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்த 3.6 வாட் கிடைப்பது இன்புட் பாதியாக, 1.2 வோல்ட்டுக்கு விழும்போது. ஐசிக்குள் அண்டர்வோல்ட்டேஜ் லாக்அவுட் என்று ஒரு காவல் இருக்கிறது, இன்புட் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அது வேலையை நிறுத்திவிடும். மலிவு மாட்யூல்களில் பரவலாக இருக்கும் எம்டி3608 போன்ற ஐசிக்களில் அந்த எல்லை ஏறத்தாழ 2 வோல்ட். அப்படியானால் நாம் 0.4 வோல்ட்தான் இழக்கலாம், 0.4 ஓமில் அது 1 ஆம்ப், ஆக இன்புட்டில் கிடைப்பது வெறும் 2 வாட். 3.6 என்று நினைத்த இடத்தில் 2! அரை ஆம்ப் லோடு இந்த மூலத்தில் ஓடவே ஓடாது.

லாக்அவுட் வந்ததும் என்ன நடக்கிறது என்பதுதான் குழப்பத்துக்கெல்லாம் காரணம். ஐசி நின்றவுடன் கரண்ட் நின்றுவிடும், கரண்ட் நின்றவுடன் செல் வோல்ட்டேஜ் பழையபடி 2.4க்கு எழும்பும், எழும்பியதும் ஐசி மறுபடி ஸ்டார்ட் ஆகப் பார்க்கும், மறுபடி விழும். வினாடிக்குப் பல தடவை இது நடக்கும். லோடில் எல்இடி இருந்தால் மங்கலாகத் துடிக்கும், காதைக் கிட்டே கொண்டுபோனால் காயில் "டிக் டிக்" என்றோ மெல்லிய சீட்டி மாதிரியோ கத்துவது கேட்கும். மல்டிமீட்டரோ இதையெல்லாம் சராசரி போட்டு, இன்புட்டில் 2.2, அவுட்புட்டில் 2.6 என்று அமைதியாகக் காட்டும். அந்த எண்ணை நம்பி "இன்புட் சரியாகத்தான் வருகிறது, ஐசிதான் தூக்கவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

என் கருவியில் வைஃபை போர்டு சராசரியாக எடுப்பது 100 மில்லிஆம்ப்கூட இல்லை, அரை ஆம்ப் எங்கேயிருந்து வந்தது? அங்கேதான் ஸ்டார்ட் என்பது வேறு கதையாகிறது. ஓடிக்கொண்டிருக்கும் கன்வர்ட்டர் லோடுக்கு மட்டும் கொடுத்தால் போதும். ஸ்டார்ட் ஆகும் கன்வர்ட்டர் லோடுக்கும் கொடுத்து, அவுட்புட் கெப்பாசிட்டரையும் நிரப்ப வேண்டும். வைஃபை அனுப்பும்போது போர்டு திடீர் திடீரென்று 300 மில்லிஆம்ப் வரை இழுக்கும் என்று பயந்து, அவுட்புட்டில் ஒரு 470 மைக்ரோஃபாரட் போட்டு வைத்திருந்தேன். அது 2.1 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஏற 4.8 மில்லிஜூல் வேண்டும். கேட்க ரொம்பச் சின்ன எண். ஆனால் அதை 2 மில்லி வினாடிக்குள் நிரப்பப் பார்த்தால் 2.4 வாட், எஃபிஷியன்ஸியையும் சேர்த்தால் இன்புட்டில் 3 வாட். மேலே பார்த்த 2 வாட் எல்லைக்குள் இது எப்படி அடங்கும்?

ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அவுட்புட்டில் பெரிய கெப்பாசிட்டர் போட்டுப் பாருங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது ஸ்டார்ட்டை இன்னும் கஷ்டமாக்கும். சரி, அதே கெப்பாசிட்டரை இன்புட்டில் போட்டால்? நல்லதுதான், ஆனால் எவ்வளவு நல்லது என்று கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்புட்டில் ஒரு 470 மைக்ரோஃபாரட், 2.4 வோல்ட்டிலிருந்து லாக்அவுட் எல்லையான 2 வோல்ட்டுக்கு இறங்கும்போது கொடுப்பது 0.4 மில்லிஜூல்தான். தேவையோ எஃபிஷியன்ஸி சேர்த்து 6 மில்லிஜூல். ஆக அது வயரின் இண்டக்டன்ஸையும், ஐசியின் வேகமான சுவிட்சிங் துடிப்புகளையும் தாங்கிக்கொள்ளும், அதற்காகவே ஐசியின் காலுக்கு ஒட்டி ஒன்று இருக்க வேண்டும். ஸ்டார்ட்டுக்கான மொத்தச் சக்தியையும் அது கொடுத்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்புறம், டயோடு வைத்த பூஸ்ட் கன்வர்ட்டருக்கென்றே ஒரு குணம் உண்டு, வோல்ட்டேஜை இறக்கும் பக் கன்வர்ட்டரிலிருந்து வருபவர்கள் இதில்தான் தடுமாறுவார்கள். இன்புட்டிலிருந்து காயில், காயிலிலிருந்து டயோடு, டயோடிலிருந்து அவுட்புட் என்று ஒரு நேர்வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. ஐசிக்குள் இருக்கும் சுவிட்ச் காயிலின் முனையை நிலத்துக்குத்தான் (கிரவுண்ட்) இழுக்கிறது, இந்த வழியை மூடுவதில்லை. எனேபிளை அணைத்தாலும் இன்புட் வோல்ட்டேஜ் டயோடு டிராப் கழித்து அவுட்புட்டில் நிற்கும். என் வைஃபை போர்டு "தூங்கும்" 59 நிமிடமும் 2.1 வோல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வோல்ட்டேஜில் அதன் ரெகுலேட்டர் கொடுப்பது ஒரு வோல்ட் சொச்சம், சிப் முழுக்க அணைந்தும் இல்லை, எழுந்தும் இல்லை. மைக்ரோகண்ட்ரோலர்கள் இந்த அரைகுறை வோல்ட்டேஜில் என்ன செய்யும், எவ்வளவு இழுக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. செல் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம், தளர்ந்த செல்லின் உள்தடை ஏறும், உள்தடை ஏறினால் ஸ்டார்ட் இன்னும் மோசமாகும். முதல் வாரம் நன்றாக இருந்து மூன்றாவது வாரம் பாதியாகக் குறைந்ததில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

இந்தக் கோளாறை உறுதி செய்ய ஒரே ஒரு சோதனை போதும், கையில் மல்டிமீட்டர் இருந்தால் சரி. லோடைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அவுட்புட் 5 வோல்ட்டுக்கு வந்ததும் லோடை மாட்டுங்கள். இப்போது ஓடுகிறது, ஆனால் லோடோடு சேர்த்து ஸ்டார்ட் செய்தால் ஓடவில்லை என்றால், கன்வர்ட்டர் நல்லது, மூலமும் ஸ்டார்ட் சுமையும்தான் ஒத்துப்போகவில்லை. லோடே இல்லாமலும் வரவில்லை என்றால் மட்டும் ஐசி, டயோடு, அவுட்புட் வோல்ட்டேஜை நிர்ணயிக்கும் ஃபீட்பேக் ரெசிஸ்டர், சால்டர் என்று போங்கள்.

அளக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. கரண்ட் எவ்வளவு என்று பார்க்க மல்டிமீட்டரை மில்லிஆம்ப் ரேஞ்சில் வைத்து வரிசையில் சேர்ப்போம். அந்த ரேஞ்சில் மீட்டருக்குள் கரண்டை அளக்கும் ஷண்ட் ரெசிஸ்டரும் ஃபியூஸும் சேர்ந்து பெரும்பாலும் ஒரு ஓமுக்கு மேலேயே இருக்கும். 0.4 ஓமுக்கே தடுமாறும் சர்க்யூட்டில் இன்னொரு ஓமைச் சொருகுகிறோம், நன்றாக ஓடிக்கொண்டிருந்ததுகூட நின்றுபோகும், மீட்டரை எடுத்தால் மறுபடி ஓடும், நமக்குப் பைத்தியம் பிடிக்கும். 10 ஆம்ப் ரேஞ்சில் குட்டையான, தடித்த லீடு போட்டு அளந்தால் ஓரளவு தேவலை. அதைவிட நல்லது வோல்ட்டேஜை இரண்டு இடத்தில் அளப்பது: செல்லின் முனையில் ஒன்று, ஐசியின் இன்புட் காலிலேயே நேராக வைத்து இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் வயரிலும் ஸ்பிரிங்கிலும் வீணாவது. ஆசிலோஸ்கோப் இருந்தால் சிங்கிள் டிரிகர் (ஒரே ஒரு நிகழ்வைப் பிடித்து நிறுத்தும் வசதி) போட்டு ஸ்டார்ட் நேரத்தைப் பிடியுங்கள், இல்லாவிட்டால் குறைந்தபட்ச மதிப்பைப் பிடித்து வைக்கும் மீட்டராவது ஓரளவு உதவும்.

மேஜை பவர் சப்ளையும் இதே போல ஏமாற்றும், ஆனால் இரண்டு பக்கமும். கரண்ட் லிமிட்டை 3 ஆம்பில் வைத்திருந்தால் அது செல்லைவிடப் பல மடங்கு வலுவான மூலம், எல்லாமே ஸ்டார்ட் ஆகும். எனக்கு நடந்தது அதுதான், மேஜையில் பத்துக்குப் பத்து என்பதில் அர்த்தமே இல்லை. "லோடு 200 மில்லிஆம்ப்தானே" என்று லிமிட்டை 300இல் வைத்துவிட்டால், நல்ல கன்வர்ட்டர்கூட ஸ்டார்ட் ஆகாமல் சப்ளையைக் கரண்ட் லிமிட்டில் தள்ளி, வோல்ட்டேஜை லாக்அவுட் எல்லைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிடும். உண்மையான நிலைமையை மேஜையில் பார்க்க வேண்டுமென்றால் சப்ளைக்கும் மாட்யூலுக்கும் நடுவில் ஒரு 0.47 ஓம் பவர் ரெசிஸ்டரைப் போட்டுச் சோதியுங்கள். தளர்ந்த செல் எப்படி நடந்துகொள்ளுமோ கிட்டத்தட்ட அப்படி நடந்துகொள்ளும்.

ஸ்கோப்பில் என் சர்க்யூட் காட்டியது இது. டைமர் எழுப்பிய கணத்தில் செல் முனையில் 2.4 வோல்ட்டிலிருந்து கொஞ்சம்தான் இறங்கியது, மாட்யூல் காலில் 1.9க்கு ஒரு பள்ளம், உடனே மேலே, மறுபடி பள்ளம், சீப்பின் பல் மாதிரி வரிசையாக. உச்சக் கரண்ட் 1.3 ஆம்ப் பக்கம். அரை வோல்ட்டை 1.3 ஆம்பால் வகுத்தால் 0.4 ஓமுக்குக் கொஞ்சம் குறைவு. எங்கே இருக்கிறது அந்த 0.4? செல் பெட்டியைத் தொட்டிக்குக் கீழே நிழலில் வைத்து, அங்கிருந்து 60 சென்டிமீட்டர் வயர் இழுத்திருந்தேன், 28 கேஜ் மெல்லிய வயர். அது மீட்டருக்கு 0.21 ஓம், போக வர 1.2 மீட்டர், ஆக வயர் மட்டுமே 0.25 ஓம். மிச்சம் ஹோல்டரின் ஸ்பிரிங். மாடி ஈரத்தில் ஸ்பிரிங்கின் நுனியில் லேசாகப் பச்சை பூத்திருந்தது, விரல் நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. செல்லின் பங்கு இரண்டிலும் குறைவு.

எல்லாக் கேஸும் வயரில் முடிந்துவிடாது. இரண்டு போர்டு ஒரே மாதிரி செய்தீர்கள், ஒன்று ஸ்டார்ட் ஆகிறது மற்றது ஆகவில்லை என்றால், சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட்டை ஐசிக்கு வெளியே தனியாக வைத்துச் செய்த சர்க்யூட்டில், அதைத் திறக்கும் கேட் காலின் வோல்ட்டேஜைப் பாருங்கள். ஐஆர்எஃப்இசட்44என் என்ற மாஸ்ஃபெட் எல்லாக் கடையிலும் கிடைப்பதால் 5 வோல்ட் சர்க்யூட்டிலும் அதையே போடுகிறார்கள். அதன் டேட்டாஷீட்டில் கேட் திரெஷோல்டு 2 முதல் 4 வோல்ட் என்று இருக்கும். அது 250 மைக்ரோஆம்ப் கசியத் தொடங்கும் அளவு, முழுக்கத் திறக்கும் அளவு இல்லை. முழுக்கத் திறந்து தடை 17.5 மில்லிஓமுக்கு இறங்குவது 10 வோல்ட்டில். 2 வோல்ட்டில் திறக்கும் துண்டு உங்கள் கைக்கு வந்தால் சர்க்யூட் ஓடும், 4 வோல்ட் துண்டு வந்தால் ஓடாது. 5 வோல்ட்டிலேயே நன்றாகத் திறக்கும் லாஜிக் லெவல் வகையான ஐஆர்எல்இசட்44என் போட்டுவிட்டால் இந்தக் கவலை பெரும்பாலும் போய்விடும்.

தன் சொந்த அவுட்புட்டிலிருந்தே பவர் எடுத்துக்கொள்ளும் பூட்ஸ்ட்ராப் வகை ஐசிக்கள் இன்னொரு ஜாதி. எம்சிபி1640 மாதிரியானவை 0.65 வோல்ட்டில் ஸ்டார்ட் ஆகி, அப்புறம் 0.35 வோல்ட் வரை ஓடும் என்று டேட்டாஷீட் சொல்லும். இரண்டு எண்களும் வேறு என்பதைக் கவனியுங்கள். ஸ்டார்ட் ஆகும்போது உள்ளே இருக்கும் சுவிட்சுக்குக் கேட் டிரைவ் மிகப் பலவீனம், அதனால் அந்த 0.65 என்பது ரொம்ப லேசான லோடுக்கு மட்டும். லோடு ஏற ஏற ஸ்டார்ட் வோல்ட்டேஜும் ஏறும், அதற்கென்று டேட்டாஷீட்டில் தனியாக ஒரு கிராஃப் இருக்கும், முதல் பக்கத்தோடு நின்றுவிடாமல் அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

காயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓடும்போது 0.3 ஆம்ப்தான் என்று 0.5 ஆம்ப் காயில் போட்டால், ஸ்டார்ட் ஆகும்போது ஐசி கரண்ட் லிமிட் வரை போகும், எம்டி3608இல் அந்த லிமிட் 4 ஆம்ப். கோர் சாச்சுரேட் ஆனதும், அதாவது அதற்கு மேல் காந்தம் ஏற்காத நிலைக்கு வந்ததும், காயில் வெறும் கம்பியாகிவிடும், கரண்ட் செங்குத்தாக எகிறும், இன்புட் சரியும். சந்தேகம் இருந்தால் அதே மதிப்பில் உருவத்தில் பெரிய காயிலை மாட்டிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

சோலார் பேனலில் நேராக மாட்டுபவர்களுக்கு இதெல்லாம் இரட்டிப்பாகும். காலையில் வெயில் ஏறும் முன்பே பேனலின் ஓப்பன் வோல்ட்டேஜ் (லோடு இல்லாதபோது இருக்கும் வோல்ட்டேஜ்) கிட்டத்தட்ட முழுதாக வந்துவிடும், கரண்ட் மட்டும் சில மில்லிஆம்ப்தான் இருக்கும். வோல்ட்டேஜைப் பார்த்து ஐசி எழும், இழுக்கும், பேனல் தரைக்கு விழும், மறுபடி எழும். நல்ல வெயில் வரும்வரை இப்படியே போகும். இதற்கு எனேபிளில் நல்ல இடைவெளி உள்ள காவல் வேண்டும்: பேனலுக்குப் பின்னால் ஒரு பெரிய கெப்பாசிட்டர் அல்லது செல், அது 4.5 வோல்ட் வந்தால்தான் எழு, 3.5க்கு இறங்கினால்தான் நில் என்கிற மாதிரி. வெறும் 0.1 வோல்ட் இடைவெளி உள்ள ஐசியின் சொந்த லாக்அவுட் இங்கே போதாது.

என் கருவிக்கு வருகிறேன். செல் பெட்டியை மாட்யூலுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து, 15 சென்டிமீட்டர் 20 கேஜ் வயர் போட்டேன். ஸ்பிரிங் ஹோல்டரைத் தூக்கிவிட்டு முனையில் உலோகத் தகடு (டேப்) வைத்த செல்களை நேராக சால்டர் செய்தேன். அவுட்புட்டில் இருந்த 470 மைக்ரோஃபாரட்டை எடுத்துவிட்டு, கன்வர்ட்டருக்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு பி சேனல் மாஸ்ஃபெட்டை சுவிட்சாக வைத்தேன். கன்வர்ட்டர் 5 வோல்ட்டைத் தொட்டு 20 மில்லி வினாடி கழித்துத்தான் அது திறக்கும், கேட்டில் ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் இருப்பதால் மெதுவாகத் திறக்கும். 470 இப்போது அந்த சுவிட்சுக்கு அப்பால், போர்டின் பக்கம் இருக்கிறது, அவசரமில்லாமல் நிரம்புகிறது. எனேபிள் அணைந்தால் இந்த மாஸ்ஃபெட்டும் மூடிக்கொள்வதால், போர்டு 2.1 வோல்ட்டில் தொங்குவதும் நின்றது.

மறுபடி ஸ்கோப் வைத்துப் பார்த்தபோது மாட்யூல் காலில் வோல்ட்டேஜ் 2.25க்குக் கீழே இறங்கவில்லை. மாடியில் மாட்டிய பிறகும் பழக்கத்தில் தினமும் காலையில் அளவுகளை எண்ணிப் பார்க்கிறேன், 24 இருக்கின்றன.